9 வாரத்தில் 5 கிலோமீட்டர்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு நான் பின்பற்றிய ஓட்டத் திட்டம்

ஓடிப் பழக்கமே இல்லாத ஒருவரை 9 வாரங்களில் 5 கிலோமீட்டர் ஓடவைப்பதாகச் சொல்லும் ‘கவுச் டு 5கே’ திட்டத்தை நான் 22 வாரங்களில் முடித்தேன். திட்டத்தில் குறை இருக்கிறது, என் உடம்பிலும் குறை இருக்கிறது, இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இணையத்தில் இத்திட்டத்தைப் பற்றி எழுதியிருப்பவர்களில் பெரும்பாலோர் உடல் பருமனைக் குறைக்க வந்தவர்கள் அல்லது இருபது வயதில் ஓடி நாற்பதில் மறுபடி ஓட வந்தவர்கள். இடது மார்பகத்தையும் அக்குளில் 14 நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டு, கீமோவும் 15 நாள் கதிர்வீச்சும் முடித்து, நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் 52 வயதுக் கணக்கு ஆசிரியைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று சொல்லும் ஒரு பக்கத்தை நான் தேடினேன், கிடைக்கவில்லை.

திட்டம் எளிமையானது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர், ஐம்பது வயதைக் கடந்திருந்த தம் தாயை ஓடவைப்பதற்காக 1996இல் இதை உருவாக்கினார். வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு அரை மணி நேரம். முதலில் 5 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். பிறகு முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையுமாக 20 நிமிடம். வாரம் ஏற ஏற ஓட்டம் நீண்டு நடை குறைந்து, 9ஆம் வாரத்தில் நிற்காமல் 30 நிமிடம் ஓடுவதில் முடிகிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இதைத் தன் மக்களுக்குப் பரிந்துரைத்துச் செயலியாகவும் தருகிறது. வேறு பலரும் இதே அட்டவணையை வைத்துச் செயலிகள் செய்திருக்கிறார்கள். நான் இறக்கிக்கொண்டது அவற்றுள் ஒன்று, இலவசம்.

தொடங்குவதற்கு முன் நான் செய்த மூன்று காரியங்களைத் திட்டம் எங்கும் சொல்லவில்லை. பொதுமக்களுக்கான திட்டம் என்பதால் சொல்லவேண்டிய கடமை அதற்கு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் என்னைப் போன்றவர்கள் இவற்றைத் தவிர்க்கக் கூடாது. முதலாவது, இதயம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் எக்கோ பரிசோதனை. எனக்குக் கொடுத்த கீமோ மருந்துகளில் அட்ரியாமைசினும் ஒன்று. அது இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது. கதிர்வீச்சும் இதயம் இருக்கும் இடப்பக்கத்துக்கே கொடுக்கப்பட்டது. இரண்டாவது, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா பரிசோதனை. லெட்ரோசோல் எலும்பை மெலியச் செய்யும். என் இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்திருந்தது. ஓடலாம், ஆனால் விழக் கூடாது என்பது மருத்துவரின் தீர்ப்பு. மூன்றாவது, அக்குள் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கையில் நீர் தேங்கி வரக்கூடிய நிணநீர் வீக்கத்தைப் பற்றித் தெரிந்த ஓர் உடலியக்க மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) பார்த்தது. அவர் என் இரண்டு கைகளையும் மணிக்கட்டு, முன்கை, முழங்கைக்கு மேல், அக்குளுக்குக் கீழ் என நான்கு இடங்களில் அளவு நாடாவால் அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இரு கைகளுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் வேறுபாடு வந்தால் உடனே வரச் சொன்னார். “அம்மா, மோதிரம் இறுகுதான்னு தினமும் பாருங்க, டேப்பை விட மோதிரம்தான் முதல்ல சொல்லும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குக் கொடுத்த 600 ரூபாய் தகும்.

மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்த அடுத்த வாரம், 2023 டிசம்பர் 11ஆம் தேதி, திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்கு எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் தொடங்கினேன். அதற்கு முந்தைய மாதம்தான் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகளை அறிவித்து, சென்னைக்கான பாதையைப் பெசன்ட் நகரில் அமைத்திருந்தது. ஆகவே அந்த நேரத்திலும் சாலையில் ஆள் நடமாட்டம் இருந்தது. தனியாக ஓடுகிறோம் என்ற கூச்சம் பாதி குறைந்தது. மீதிக் கூச்சத்தைப் போக்க என் கணவர் கையில் டார்ச்சுடன் கூடவே வந்தார். நான் ஓடினேன், அவர் நடந்தார். இருவரும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம் என்பதை இங்கே ஒளிக்காமல் பதிவு செய்கிறேன்.

முதல் 60 விநாடி முடிந்தபோது, ‘இவ்வளவுதானா?’ என்று இருந்தது. மூன்றாவது 60 விநாடியில், கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டும்போது, என் இடது மார்பு காறை எலும்பை நோக்கி ஏறத் தொடங்கியது. வெளியே போகும்போது அணிவதற்காக வாங்கியிருந்த சிலிக்கான் மார்பகம் அது. நடக்கும்போது கட்டுக்கோப்பாக இருந்தது, ஓட்டத்தின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அரை விரற்கடை மேலேறி, வியர்வையில் வழுக்கி, துப்பட்டாவுக்கு அடியில் தோளருகே வந்து நின்றது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஓடினேன். அன்று இரவே அதை அலமாரியில் வைத்துவிட்டு, நூலில் பின்னிப் பஞ்சடைத்த மார்பகத்துக்கு மாறினேன். தன்னார்வப் பெண்கள் பலர் இவற்றைப் பின்னி இலவசமாகவே தருகிறார்கள். எடை இல்லை, துவைக்கலாம், வியர்வையை உறிஞ்சும். முன்பக்கம் ஜிப் வைத்த விளையாட்டு உள்ளாடையில் உட்புறமாக ஒரு பை தைத்து அதற்குள் போட்டுவிட்டால் அசைவதே இல்லை. முன்பக்க ஜிப் முக்கியம்: கையைத் தலைக்கு மேல் தூக்கி ஓர் இறுக்கமான உடையைக் கழற்றுவது அறுவை சிகிச்சை ஆன தோளுக்கு எத்தகைய தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

திட்டத்தின் பெரிய நன்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். அது வேகத்தைக் கேட்பதில்லை, தூரத்தையும் கேட்பதில்லை, நிமிடத்தை மட்டும் கேட்கிறது. சிகிச்சை முடிந்த உடம்புக்கு இது மிகவும் ஏற்றது. கீமோவுக்குப் பிந்தைய களைப்பு, வேலை செய்த களைப்பைப் போன்றதன்று. தூங்கி எழுந்தாலும் அது போகாது, ஒரு நாள் இருந்தது போல மறுநாள் இருக்காது. இன்று ஒரு கிலோமீட்டரை 8 நிமிடத்தில் கடந்தேன், நாளை 10 நிமிடம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் பத்தாம் நாளே விட்டுவிடுவோம். 60 விநாடி என்பதோ ஊர்ந்தாலும் 60 விநாடிதான். இன்னொன்று, இது நடையைத் தோல்வியாகக் கருதுவதில்லை. நடப்பது அட்டவணையின் பகுதியாகவே இருப்பதால், மூச்சு வாங்க நடக்கும்போது யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டத்தின்போது பேச முடிகிற அளவு வேகத்தில்தான் போக வேண்டும் என்ற விதியைச் சோதிக்க, நான் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓடினேன். ‘ஏழு பதினாறு’ வருவதற்குள் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

முதல் வாரத்தை மூன்று வாரம் செய்தேன். இரண்டாம் வாரத்தை இரண்டு வாரம், மூன்றாவதை இரண்டு வாரம். காரணம் மூச்சு அன்று, பாதம். கீமோவில் கொடுத்த பாக்லிடாக்செல் மருந்தால் என் கால் விரல்களில் உணர்ச்சி மழுங்கியிருந்தது. மெத்தையின் மேல் நடப்பதுபோல் இருக்கும், தரை எங்கே இருக்கிறது என்று கால் சொல்லாது, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். விடியற்காலை இருட்டில், மழைநீர் வடிகால் மூடிகள் ஏறி இறங்கிக் கிடக்கும் ஓரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கடற்கரை மணல் மென்மையானது, முழங்காலுக்கு நல்லது என்று பலரும் சொன்னார்கள். உணர்ச்சி மழுங்கிய பாதத்துக்கு மணல் மிக மோசமான தளம். கணுக்கால் பிசகினாலும் தெரியாது. சாலையின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், சமமான தாரில் ஓடுவதே சரி என்று கண்டுகொண்டேன். காலணியை வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். முதலில் வாங்கிய சரியான அளவு, பெருவிரல் நகத்தைக் கறுக்கச் செய்துவிட்டது, நகம் கறுத்ததையும் நான் குளிக்கும்போது பார்த்துத்தான் அறிந்தேன். ஓடி முடித்ததும் இரண்டு உள்ளங்கால்களையும் கண்ணாடியில் பார்ப்பது அன்றிலிருந்து வழக்கமாயிற்று. சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லும் அதே விதிதான்.

இனி, திட்டத்தின் மீது எனக்குள்ள உண்மையான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 5ஆம் வாரத்தின் மூன்றாம் நாளைக் கண்டு நடுங்குகிறார்கள். அதற்கு முந்தைய ஓட்டத்தில் 8 நிமிடமாக இருமுறை ஓடியவரை, அன்று திடீரென்று இடைவெளியே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்கிறது. அச்சம் நியாயமானதே. ஆனால் கணக்கு ஆசிரியையின் கண்ணால் அட்டவணையைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. முதல் வாரத்தில் ஒரு நாளில் ஓடும் மொத்த நேரம் 8 நிமிடம். இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ 9. மூன்றாம் வாரத்திலும் அதே 9தான், ஆனால் துண்டுகள் பெரியவை. நான்காம் வாரத்தில் 3, 5, 3, 5 என ஓடச் சொல்கிறது: கூட்டினால் 16. ஒரே வாரத்தில் 9 நிமிடம் 16 ஆகிறது! பயமுறுத்தும் அந்த 20 நிமிட நாளில்கூட, முந்தைய நாளின் 16உடன் ஒப்பிட்டால் 4 நிமிடம்தான் கூடுதல். 5ஆம் வாரம் மனத்துக்குக் கடினம், 4ஆம் வாரம் உடம்புக்குக் கடினம். ஆரோக்கியமானவர்கள் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். எலும்பும் தசைநாரும் மருந்தில் ஊறி எழுந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது, எனக்கு வந்தது.

நான்காம் வாரத்தில் என் குதிகாலிலும் முழங்காலிலும் வலி ஏறியது. அதில் எவ்வளவு ஓட்டத்தின் பங்கு, எவ்வளவு லெட்ரோசோலின் பங்கு என்று பிரிப்பது கடினம். அந்த மாத்திரை, காலையில் எழும்போது விரல்கள் மடங்காதபடி மூட்டுகளை இறுக்கிவிடும். பலர் அந்த வலியாலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்று என் மருத்துவர் சொன்னார். இதே வகை மாத்திரை சாப்பிடும் பெண்களை வைத்து யேல் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு மூட்டுவலி குறைந்தது. ஆகவே வலிக்கிறதே என்று நிறுத்துவதா, வலி குறைய வேண்டுமென்று தொடர்வதா என்ற குழப்பம் எனக்கு நியாயமாகவே வந்தது. என் விடை: நான்காம் வாரத்துக்கு முன்னால் நானே ஒரு வாரத்தைச் செருகினேன். 3 நிமிட ஓட்டம் நான்கு, இடையில் 2 நிமிட நடை. மொத்தம் 12. அதற்குப் பிறகே 16. திட்டத்தை அச்சிட்டு வைத்திருப்பவர்கள் 3ஆம் வாரத்துக்கும் 4ஆம் வாரத்துக்கும் நடுவே இதைப் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த தடை திட்டத்தால் வந்ததன்று. கையில் வீக்கம் வராமல் தடுக்க ஓடும்போது கம்ப்ரெஷன் ஸ்லீவ் என்ற, கையை அழுத்திப் பிடிக்கும் உறையை அணியலாம் என்று உடலியக்க மருத்துவர் சொல்லியிருந்தார். சரியான அளவில் அவரே வரவழைத்துத் தருவதாகச் சொன்னதைக் கேட்காமல், மருத்துவப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 1,900 ரூபாய்க்கு ஒன்றை வாங்கிவிட்டேன். கடைக்காரர் என் கையை அளக்கவில்லை. என் உருவத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ‘மீடியம்’ என்றார். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது இடது கை மோதிரம் சுழல மறுத்தது. ஸ்லீவைக் கழற்றினால் மணிக்கட்டில் அதன் விளிம்புத் தையல் வரி வரியாகப் பதிந்திருந்தது. அதற்குக் கீழே புறங்கை, ஊறவைத்த உளுந்துபோல் பொதுமியிருந்தது. மணிக்கட்டில் அதிகமாக இறுக்கும் ஸ்லீவ், நீரை மேலே ஏற்றாமல் கைக்குள்ளேயே அடைத்துவிடும் என்றும், புறங்கையையும் சேர்த்து அழுத்தும் உறை எனக்குத் தேவை என்றும் மறுநாள் தெரிந்துகொண்டேன். இரண்டு வாரம் ஓட்டம் நின்றது. அளவெடுத்து வரவழைத்த ஸ்லீவும் கையுறையும் 3,800 ரூபாய். பழையது இப்போது பால்கனிச் செடிக்குக் குச்சி கட்டப் பயன்படுகிறது.

அந்த இரண்டு வாரத்தில் அடுக்ககத்தில் என்னைப் பார்த்த ஒரு சகோதரி, “ஏன் டீச்சர், இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஓடணுமா? கையைக் காலை அலட்டாம இருக்கக் கூடாதா?” என்று அக்கறையோடுதான் கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். மருத்துவர்களே நீண்ட காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். அக்குள் கணுக்களை எடுத்தவர்கள் பாரம் தூக்கக் கூடாது, கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதே அன்றைய விதி. ஜாஷ் கிளார்க் தம் தாய்க்காக இந்தத் திட்டத்தைப் போட்ட அதே 1996இல், கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் வந்த 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்பு வலிக்கப் பழக்கினார். அந்த விதி உண்மையா என்று பார்த்துவிடுவதே நோக்கம். பயந்ததுபோல் அவர்களுக்குக் கை வீங்கவில்லை. 2009இல், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வும், படிப்படியாக எடை கூட்டித் தூக்கிய பெண்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை என்று காட்டியது. படிப்படியாக என்ற சொல்தான் இங்கே உயிர்நாடி. என் கை வீங்கியது ஓட்டத்தால் அன்று, அளவெடுக்காமல் வாங்கிய உறையால்.

இந்த ஆய்வைச் சொல்லும்போதே திட்டத்தின் இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 9 வார அட்டவணையில் தசைப் பயிற்சிக்கு ஓர் இடமும் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்காக அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, 2019இல் வெளியிட்ட பரிந்துரையில், வாரத்துக்கு மூன்று முறை 30 நிமிட மிதமான பயிற்சி களைப்பையும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கும் என்று சொல்கிறது. வாரத்துக்கு இருமுறை தசைப் பயிற்சியையும் அதனோடு சேர்த்துப் பேசுகிறது. மூன்று முறை, 30 நிமிடம்: திட்டத்தின் 9ஆம் வாரம் எங்கே போய் நிற்கிறதோ அதே இடம். பொருத்தம் தற்செயலானதாக இருந்தாலும் எனக்கு அது பெரிய ஊக்கம். தசைப் பயிற்சியை மட்டும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். செவ்வாய், சனிக்கிழமைகளில் ஒரு ரப்பர் பட்டையும் இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களுமே என் உடற்பயிற்சிக்கூடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 15 முறை, பாட்டிலைத் தோள் வரை தூக்குவது 10 முறை என்று தொடங்கினேன். பாட்டிலில் முதல் இரண்டு வாரம் தண்ணீரே ஊற்றவில்லை.

5ஆம் வாரம் நான்கு வாரம் எடுத்தது. மார்ச் மாதம் வந்துவிட்டதால் 5 மணிக்கே புழுக்கம். லெட்ரோசோல் தரும் உடற்சூடு இரவில் இரண்டு முறை எழுப்பிவிட, பாதித் தூக்கத்தில் எழுந்து வரும் நாள்கள் பல. செயலியின் குரலுக்கு இதெல்லாம் தெரியாது. அது குளிர்ந்த நாட்டுக் குரல்; தண்ணீர் குடியுங்கள் என்றுகூட அது சொல்லவில்லை. என் செயலியைப் பற்றித் தனியாகச் சில குறைகள்: ஆங்கிலம் தவிர வேறு மொழி இல்லை, நடுவில் தொலைபேசி அழைப்பு வந்தால் கடிகாரம் சத்தமில்லாமல் நின்றுவிடும், நான் ஓடினாலும் நின்றாலும் ‘பிரமாதம், அருமை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 28 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவளுக்கு, தேர்வே எழுதாதவனுக்கும் ‘வெரி குட்’ போடுவது எரிச்சலைத் தரும். தெருநாய் துரத்தும்போது ‘இன்னும் ஒரு நிமிடம்தான், விடாதீர்கள்’ என்று அது சொன்னதை மட்டும் மன்னித்துவிட்டேன். நாய்கள் ஓடுபவர்களைத்தான் துரத்துகின்றன, நடப்பவர்களை விட்டுவிடுகின்றன. ஆகவே ஆறாவது அவென்யூ முனையில் எந்த அட்டவணையும் இல்லாமல் நடந்துவிடுவேன்.

20 நிமிட நாளை நேரடியாகத் தொடவில்லை. முதல் வாரம் 8ம் 8மாக, அடுத்த வாரம் 10 நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து மறுபடி 10, மூன்றாம் வாரம் 12ம் 8ம் ஒரே ஒரு நிமிட இடைவெளியுடன். நான்காம் வார வெள்ளிக்கிழமை இடைவெளியை எடுத்துவிட்டேன். பதினாறாம் வாய்ப்பாடு முடிந்து, பதினேழு முடிந்து, பதினெட்டில் பாதி போயிருந்தபோது குரல் நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகு திட்டம் எளிதாகிவிடுகிறது. 6, 7, 8 வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏப்ரல் 19ஆம் தேதி ஓடிவிட்டுப் போய் வாக்களித்தேன். அடுத்த சில வாரங்களுக்கு, தோல் நிறக் கையுறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது ஆள்காட்டி விரலில் அந்த மை, யாரோ வேண்டுமென்றே வைத்த அடையாளம்போல் தெரிந்துகொண்டிருந்தது.

உணவைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் சுருக்கமாக ஒரு பத்தி. சிகிச்சைக் காலத்தில் என் எடை 7 கிலோ கூடியிருந்தது. உறவினர்கள் முள்சீத்தாப் பழமும் கோதுமைப் புல் சாறுமாகக் கொண்டுவந்து அடுக்கினார்கள். சர்க்கரையைத் தொட்டால் புற்றுநோய் திரும்பிவிடும் என்று ஒருவர் சொன்னார். நான் செய்தது இவ்வளவே: ஓடுவதற்கு முன் பாதி வாழைப்பழம், வந்ததும் உப்புப் போட்ட மோர் இரண்டு தம்ளர், மாலைக் காபியோடு இருந்த முறுக்குக்குப் பதில் சுண்டல், இரவு 8 மணிக்குள் சாப்பாடு. 22 வாரத்தில் இறங்கியது 3 கிலோதான். எடை குறைப்பதற்காக இத்திட்டத்துக்கு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு ஆசிரியர் அறை மேசையில் தலை கவிழ்ந்துகொண்டிருந்த நான், இப்போது கடைசிப் பாடவேளை வரை நின்றுகொண்டே வகுப்பெடுக்கிறேன்.

மொத்தச் செலவு: திட்டமும் செயலியும் இலவசம். காலணி 4,500, உள்ளாடை 1,400, சரியான ஸ்லீவும் கையுறையும் 3,800, உடலியக்க மருத்துவரிடம் ஆறு முறை சென்றதற்கு 3,600; ஆக 13,300 ரூபாய். வீணாய்ப் போன 1,900 தனி. காலணியில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பிடிக்கட்டும், உடலியக்க மருத்துவரிடம் வேண்டாம்.

யாருக்கு இத்திட்டம் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். கீமோ நடந்துகொண்டிருப்பவர்கள், அறுவைக் காயம் ஆறாதவர்கள், எலும்புக்குப் பரவியிருப்பவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. அவர்களுக்குப் பயிற்சியே கூடாது என்பதன்று, அவர்களுக்கான பயிற்சியை அவர்களுடைய மருத்துவர் வகுக்க வேண்டும். மற்றவர்கள், ‘வாரம்’ என்று அட்டவணையில் எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் ‘படி’ என்று வாசித்துக்கொண்டால் போதும். ஒரு படியில் எத்தனை நாள் நிற்பது என்பதை அன்றைய மோதிரமும் மறுநாள் காலையின் முழங்காலும் சொல்லும்.

9ஆம் வாரத்தின் கடைசி ஓட்டம் 2024 மே 10, வெள்ளிக்கிழமை வந்தது. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. அட்சய திருதியை என்பதால் நகைக்கடை வாசல்களில் கூட்டம் நிற்கப்போகும் நாள்; பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளும் அதுவே, ஆகவே என் மனம் பாதி என் மாணவிகளிடம் இருந்தது. 30 நிமிடம் நிற்காமல் ஓடினேன். தொலைபேசி காட்டிய தூரம் 3.6 கிலோமீட்டர். திட்டத்தின் பெயரில் இருக்கும் 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் எட்ட வேண்டுமானால் நான் ஓடிய வேகத்தைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு வேகம் வேண்டும். புதிதாக ஓட வருபவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? பெயர் தூரத்தைச் சொல்கிறது, அட்டவணை நேரத்தைத் தருகிறது. இது சின்ன ஏமாற்று வேலைதான். 5 கிலோமீட்டரை நான் ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 42 நிமிடத்தில் ஓடினேன், குரல் இல்லாமல், ஏனென்றால் 30 நிமிடத்துக்கு மேல் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. இந்த முறை கணவரால் நடந்து உடன்வர முடியவில்லை. வேளாங்கண்ணி மாதா கோவில் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தபோது, தன்னை மதிப்பிடச் சொல்லி ஐந்து நட்சத்திரங்களை நீட்டியது. நான்கைக் கொடுத்தேன். ஒன்றை 4ஆம் வாரத்துக்காகப் பிடித்துக்கொண்டேன்.